டாபர்ட் விடுதி

இங்கிலாந்து நாட்டில் ஊர்தோறும் காணப்படும் மதுவிடுதியை அந்நாட்டு மக்கள் ‘பப்’ என்று அழைக்கிறார்கள். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்னும் தொடரின் சுருக்கம் அது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அது ‘பொது வீடு’ என்றாகும். மொழிபெயர்ப்பில் அவ்வாறு எழுதினால் படிப்பவர் நகைக்கக்கூடும். ஆயினும் அச்சொல்லில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. குடிப்பவர் மட்டுமே கூடும் இடமாக அது அந்நாட்டில் இருந்ததில்லை. மழைக்கு ஒதுங்குபவரும், ஊர்ச் செய்தி கேட்பவரும், வழக்குப் பேசித் தீர்ப்பவரும், வண்டி வரும் வரையில் காத்திருப்பவரும் அங்கே கூடினர். அத்தகைய பொது வீடு ஒன்றின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனையில் நின்று வழிப்போக்கரை வரவேற்ற அவ்விடுதி இன்று இல்லை. அதன் பெயர் டாபர்ட்.

முதலில் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் மது கிடைக்கும் இடங்கள் மூவகைப்பட்டன. ‘ஏல்’ எனப்படும் பார்லி மதுவை விற்ற எளிய கடைகள் ஒரு வகை. ஏழை எளியோர் அங்கே சென்றனர். திராட்சை மதுவை விற்ற கடைகள் மற்றொரு வகை. அவை சற்று வசதி படைத்தவர்க்கு உரியவை. மூன்றாவது வகை ‘இன்’ எனப்படும் வழிப்போக்கர் விடுதி. அங்கே உணவும் மதுவும் உண்டு. இரவில் படுக்கை உண்டு. குதிரைக்கு லாயமும் தீனியும் உண்டு. நம்முடைய சத்திரம் நினைவுக்கு வரலாம். ஆனால் சத்திரம் அறத்தின்பாற்பட்டது. ஆங்கில நாட்டு விடுதியோ காசுக்கு இடங்கொடுத்த வணிகம். டாபர்ட் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

அது நின்ற ஊர் சதர்க். ஆங்கிலத்தில் அதனை எழுதும் முறை வேறு. ‘சவுத்வார்க்’ என்று படிக்கத் தோன்றும். ஆனால் அவ்வூரார் வாயில் அது சதர்க் என்றே ஒலிக்கும். இன்று அது லண்டன் மாநகரின் உள்ளே அடங்கிவிட்டது. அக்காலத்தில் அது தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்த தனி ஊர். பாராளுமன்றத்துக்குத் தன் உறுப்பினர்களைத் தானே அனுப்பும் உரிமை பெற்ற ஊர். ஆற்றின் வடகரையில் மதில் சூழ்ந்த லண்டன் நகரம் இருந்தது. இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு பாலம். 1209-ஆம் ஆண்டில் முடிவுற்ற அக்கற்பாலத்தைத் தவிர, 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரையில், லண்டன் நகரையொட்டி ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது, படகுதான் உண்டு.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்தினால் சதர்க்கில் விடுதிகள் பெருகிய காரணம் விளங்கிவிடும். கென்ட், சர்ரி, சஸெக்ஸ் ஆகிய தென்னக மாவட்டங்களிலிருந்து வந்த சாலைகள் யாவும் பாலத்தின் தென்முனையில் வந்து கூடின. பாலத்தின் வாயில்கள் இரவில் அடைக்கப்படும். பொழுது சாய்ந்த பிறகு வந்து சேர்ந்தவன் மறுநாள் காலை வரையில் சதர்க்கிலேயே தங்கவேண்டும். விடியுமுன் தெற்கு நோக்கிப் புறப்பட எண்ணிய லண்டன்வாசியும் முதல்நாள் மாலையே பாலத்தைக் கடந்து சதர்க்கில் வந்து படுத்திருப்பது நல்லது. வருவோரும் போவோரும் ஓரிரவு தங்கியே தீரவேண்டிய இடம் அது. ஆகையால் பாலத்திலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெருவின் கீழ்ப்புறத்தில் விடுதிகள் அடுத்தடுத்து எழுந்தன.

டாபர்ட் விடுதியைத் தோற்றுவித்தவர் ஒரு மடாதிபதி என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வின்செஸ்டர் நகருக்கு அருகில் ஹைட் என்னும் கிறிஸ்தவ மடம் இருந்தது. மாமன்னர் ஆல்பிரடின் எலும்புகள் கொண்டுவந்து வைக்கப்பெற்ற பெருமை அதற்கு உண்டு. அதன் தலைவர் லண்டனுக்கு அலுவலாக வரும்போது தங்குவதற்கு ஓர் இல்லம் வேண்டியிருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தார் சதர்க்கில் மனை வாங்கி மடாதிபதிக்கு ஓர் இல்லம் அமைத்தனர். அதனையடுத்து வழிப்போக்கருக்கு ஒரு விடுதியும் அமைத்தனர். துறவியர் முதலீடு செய்த விடுதி என்பது அக்காலத்தார்க்குக் குறையாகத் தோன்றவில்லை. வழியில் வருவோரை ஓம்புவது மடங்களின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. அதனோடு வருவாயும் வந்தால் மறுப்பவர் யார்?

விடுதியின் வாயிலில் ஓர் அங்கியின் உருவம் அடையாளமாகத் தொங்கியது. எழுத்தறிவு பரவாத காலத்தில் கடைக்குப் பெயர்ப்பலகை போதாது, படம் வேண்டும். ‘டாபர்ட்’ என்பது கையில்லாத மேலங்கி. பிற்காலத்தில் அது அரசவைக் கட்டியக்காரர்களுக்கே உரிய உடையாயிற்று. அரசச் சின்னங்கள் தீட்டிய அவ்வங்கியை அணிந்து அவர்கள் அரசாணையை உரக்க அறிவிப்பார்கள். அவ்வங்கியே விடுதிக்குப் பெயராயிற்று.

இனி, இவ்விடுதிக்கு வந்த கூட்டத்தைப் பார்ப்போம். 1170-ஆம் ஆண்டு டிசம்பரில், கான்டர்பரி நகரத்தின் தலைமைக் கோயிலில், பேராயர் தாமஸ் பெக்கெட் நான்கு வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசன் இரண்டாம் ஹென்றியோடு அவருக்கு ஏற்பட்டிருந்த பகை நாடறிந்தது. மூன்றாண்டுகள் கழியுமுன் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. அவருடைய சமாதியில் வணங்கினால் நோய் தீரும் என்ற நம்பிக்கை பரவியது. லண்டனிலிருந்து கான்டர்பரி சுமார் 60 மைல். தனியே செல்வது ஆபத்தாகையால், யாத்திரிகர் சதர்க்கில் ஒன்றுகூடித் துணை சேர்த்துக்கொண்டு குதிரைகளில் புறப்படுவது வழக்கமாயிற்று.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் இதற்குள் நான் யாரைக் குறிப்பிடப் போகிறேன் என்று உணர்ந்திருப்பார்கள். ஜெப்ரி சாஸர் என்னும் கவிஞர் 1374 முதல் 1386 வரையில் லண்டன் துறைமுகத்தில் கம்பளி முதலியவற்றின் மீதான சுங்கக் கணக்கை மேற்பார்வையிட்டவர். அலுவலகம் ஆற்றின் வடகரையில். பாலத்தைக் கடந்தால் சதர்க். அவர் தம் ‘கான்டர்பரி கதைகள்’ என்னும் காவியத்தை டாபர்ட் விடுதியிலேயே தொடங்குகிறார். ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில், இருபத்தொன்பது யாத்திரிகர் அங்கே வந்து சேர்கின்றனர். போர்வீரன், அவன் மகன், கன்னிமடத்துத் தலைவி, துறவி, வணிகன், மாணவன், சமையற்காரன், மாலுமி, மருத்துவன், பாத் நகரத்துப் பெண்மணி, உழவன், மாவு அரைப்போன் என்று அன்றைய சமுதாயம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் வந்து அமர்கிறது. அறைகளும் லாயங்களும் விசாலமானவை என்று கவிஞர் பாராட்டுகிறார்.

இத்தனை வகையினரை ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு விடுதியைப் போல் பொருத்தமான களம் வேறில்லை. அரண்மனையில் உழவனுக்கு இடமில்லை. உழவன் குடிசைக்குப் போர்வீரன் வரமாட்டான். கோயிலில் எல்லோரும் கூடலாம்; ஆனால் அங்கே சிரித்துப் பேச இயலாது. காசு கொடுத்தவன் எவனாயினும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் விடுதி ஒன்றே. கவிஞர் அதனை நன்கு உணர்ந்திருந்தார்.

அவ்விரவு உணவுக்குப் பின் விடுதிக்காரர் எழுந்து ஒரு யோசனை கூறுகிறார். வழிநடைக் களைப்புத் தெரியாதிருக்க ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு கதைகளும் திரும்பும்போது இரண்டு கதைகளும் சொல்லவேண்டும். மிகச் சிறந்த கதையைச் சொன்னவருக்குத் திரும்பி வந்தபின் இதே டாபர்ட் விடுதியில் மற்றவர்கள் செலவில் விருந்து. தாமே உடன் வந்து நடுவராக இருப்பதாகவும் அவர் கூறுகிறார். வணிகத் திறமையைக் கவனியுங்கள்: அந்த ஏற்பாட்டின்படி முப்பது பேரும் திரும்பி வந்து தம் விடுதியிலேயே உண்டாக வேண்டும்!

விடுதிக்காரர் பெயரைக் கவிஞர் ஒரே ஓர் இடத்தில்தான் கூறுகிறார்: ஹாரி பெய்லி. அவர் வெறும் கற்பனை மாந்தர் அல்லர். ஹென்றி பெய்லி என்பவர் சதர்க்கில் உண்மையாகவே விடுதி நடத்தினார். 1376-க்கும் 1379-க்கும் இடையில் இருமுறை அவ்வூரின் சார்பில் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். 1381-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பெற்ற தலைவரிப் பட்டியலிலும் அவர் பெயர் உண்டு, தொழில், விடுதிக்காரர், மனைவி பெயர் கிறிஸ்தியன். காவியத்தில் வரும் விடுதிக்காரர் தம் மனைவியின் சீற்றத்தைப் பற்றி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வருகிறார். வரிப்பட்டியலோ அந்த அம்மையார் பெயரை மட்டும் குறித்துவிட்டு வாய்மூடிக்கொள்கிறது. அவர் தரப்பு வாதத்தை எழுத ஒரு கவிஞரும் வரவில்லை.

காவியம் முற்றுப்பெறவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருபத்துநான்கே உள்ளன. அவற்றிலும் சில குறையாக நிற்கின்றன. 1400-ஆம் ஆண்டில் கவிஞர் காலமானார். யாத்திரிகர்கள் டாபர்டுக்குத் திரும்பவேயில்லை, விருந்தும் நடைபெறவில்லை. ஆனால், அக்காவியம் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டனால் 15-ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறி, டாபர்ட் என்னும் பெயரை அவ்விடுதியைக் கண்டிராதவர்களும் அறியச் செய்தது.

விடுதியை உயிர்ப்பித்த யாத்திரை 1538-இல் முடிவுக்கு வந்தது. ரோமாபுரித் திருச்சபையோடு உறவை முறித்துக்கொண்ட எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால், பெக்கெட்டின் சமாதி அவ்வாண்டில் தகர்க்கப்பட்டது. அதிலிருந்த பொன்னும் மணியும் அரசன் கருவூலத்துக்குச் சென்றன. அதே ஆண்டில் ஹைட் மடமும் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டு அழிந்தது. யாத்திரிகர் நாடிச் சென்ற தலமும் ஒழிந்தது. விடுதிக்கு உரிமை பூண்ட மடமும் ஒழிந்தது. இனி டாபர்டின் கதை முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பர்.

ஆனால் அது முடியவில்லை. யாத்திரிகர் போனால் என்ன? சாலை இருந்தது, பாலம் இருந்தது. கென்ட் மாவட்டத்துப் பழங்களும், கம்பளித் துணியும், பிற்காலத்தில் மது வடிப்போருக்கு வேண்டிய ‘ஹாப்ஸ்’ என்னும் கசப்புப் பூக்களும் அதே சாலையில் வந்தன. டோவர் துறையில் இறங்கிய அயல்நாட்டார் அவ்வழியே லண்டனுக்கு வந்தனர். தனியார் கைக்கு மாறிய விடுதி முன்போலவே நடந்தது. 1598-இல் லண்டன் நகரத்தை அளந்து எழுதிய ஜான் ஸ்டோ என்பவர் சதர்க் பெருந்தெருவின் விடுதிகளை வரிசையாகக் கூறி, அவற்றுள் மிகப் பழைமையானது டாபர்ட் என்கிறார். மடாதிபதியின் இல்லம் அதனுள் இருந்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், சிதைந்திருந்த விடுதி பழுது பார்க்கப்பட்டு அறைகளும் பெருக்கப்பட்டதாகச் சாஸரின் நூலைப் பதிப்பித்த ஸ்பெக்ட் என்பவர் எழுதியுள்ளார்.

ஸ்டோவின் வரிசையில் உள்ள மற்ற விடுதிகளுக்கும் தனித்தனிச் சிறப்பு உண்டு. ‘வெள்ளைக் கலைமான்’ என்னும் விடுதியில் 1450-ஆம் ஆண்டில் அரசை எதிர்த்துக் கிளர்ந்த ஜாக் கேட் பாசறை அமைத்திருந்தான். ‘ராணியின் தலை’ என்ற விடுதி ஜான் ஹார்வர்டு என்பவரின் குடும்பச் சொத்து. 1638-இல் அமெரிக்காவில் இறந்த அவர், தம் செல்வத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அங்கே புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த கல்லூரிக்கு விட்டுச் சென்றார். அக்கல்லூரியே ஹார்வர்டு பல்கலைக்கழகம்.

பாரவண்டிகளின் போக்குவரத்து எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதற்கு ஒரு சிறு நூல் சான்று. தேம்ஸ் ஆற்றில் படகோட்டியாக இருந்து கவிஞரான ஜான் டெய்லர் 1637-இல் அதனை வெளியிட்டார். எந்த ஊர் வண்டிக்காரர் லண்டனில் எந்த விடுதியில் எந்தக் கிழமையில் வந்து இறங்குவார் என்பதை அவர் பட்டியலிட்டார். கடிதமோ மூட்டையோ அனுப்ப விரும்புபவர் அந்நூலைப் பார்த்து உரிய நாளில் உரிய விடுதிக்குச் சென்றால் போதும். இன்றைய ரயில் கால அட்டவணையின் பணியை அந்நூல் அன்று செய்தது. விடுதி என்பது அஞ்சல் நிலையமாகவும் சரக்கு நிலையமாகவும் விளங்கியது என்பது இதனால் தெளிவாகிறது.

1676-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சதர்க்கில் பெருந்தீ மூண்டது. லண்டன் நகரத்தையே விழுங்கிய 1666-ஆம் ஆண்டுத் தீ ஆற்றின் வடகரையில் எரிந்தது. பத்தாண்டு கழித்து மூண்ட இத்தீ தென்கரைக்கு உரியது. நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. டாபர்டும் சாம்பலாயிற்று. மடாதிபதி கட்டிய மரமோ, பெய்லியின் காலத்துக் கூரையோ ஏதேனும் அதுவரை எஞ்சியிருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று.

விடுதி விரைவில் மீண்டும் எழுந்தது. அதே மனை, அதே பெருந்தெரு வாயில், நடுவே முற்றம், முற்றத்தைச் சூழ மரத்தாலான மாடித் தாழ்வாரங்கள், அவற்றின் மீது வரிசையாக அறைகள், பின்புறத்தில் லாயங்கள். தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் கீழே வண்டிகள் வருவதும் குதிரைகளை அவிழ்ப்பதும் தெரியும். பழைய அமைப்பையே பின்பற்றினர் என்றாலும், பெயர் மட்டும் மாறியது. டாபர்ட் என்பது ‘டால்பட்’ ஆயிற்று. டால்பட் என்பது பழைய வேட்டைநாய் வகைகளுள் ஒன்று. அங்கி என்னவென்று அறியாத விடுதிக்காரர் பழைய அடையாளத்தை எடுத்துவிட்டு நாயைத் தொங்கவிட்டார் என்று ஜான் ஆப்ரி என்னும் அக்கால அறிஞர் சினத்தோடு எழுதி வைத்திருக்கிறார். இரண்டு சொற்களும் ஒலியில் நெருங்கியவை. வண்டிக்காரர் வாயில் அவை கலந்துபோவது இயல்பே. கட்டியக்காரர் அங்கியை எவரும் நாள்தோறும் காண்பதில்லை. நாயைக் காணாதவர் இல்லை. மக்கள் வாய் தனக்குத் தெரிந்த சொல்லையே பற்றிக்கொள்ளும்.

பெயரை மறந்தாலும் புகழை மறக்க விடுதிக்காரர்களுக்கு மனமில்லை. தெருவின் குறுக்கே நின்ற உத்தரத்தில், சர் ஜெப்ரி சாஸரும் இருபத்தொன்பது யாத்திரிகரும் 1383-இல் தங்கிய விடுதி இதுவே என்னும் பொருள்பட எழுதி வைத்தனர். 1763-இல் தெருவை மறித்த அடையாளங்கள் நீக்கப்பட்டபோது அந்த உத்தரமும் இறங்கியது. பின்னர் அவ்வாசகம் வாயிலின்மேல் இடம்பெற்றது. சாஸர் ‘சர்’ பட்டம் பெற்றவர் அல்லர். யாத்திரை நடந்ததாகக் கதை கூறும் ஆண்டு 1387-ஐ ஒட்டியது என்பதே அறிஞர் பலர் கருத்து. அவற்றைக் காட்டிலும் பெரிய பிழை ஒன்றுண்டு: அவ்வாசகம் தாங்கி நின்ற கட்டடம், கவிஞர் இறந்து 276 ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. ஆயினும் நூலைக் கையில் ஏந்தி வந்தவர்கள் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்து, இங்கன்றோ அவர்கள் உறங்கினர் என்று உருகினார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் சாலைகள் சீர்திருந்தின. கோச்சு வண்டிகளும் பாரவண்டிகளும் பெருகின. சதர்க் விடுதிகள் செழித்தன. சார்லஸ் டிக்கன்ஸ் தமது ‘பிக்விக்’ நாவலில், சாம் வெல்லர் என்னும் புகழ்பெற்ற வேலையாளை முதன்முதலாக அறிமுகப்படுத்தியது இத்தெருவின் ‘வெள்ளைக் கலைமான்’ விடுதியின் முற்றத்திலேதான். அந்நாவல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1836. அதே ஆண்டில், விடுதிகளின் முடிவும் அதே ஊரில் வந்து இறங்கியது.

லண்டன் மாநகரின் முதல் ரயில் பாதை 1836-இல் திறக்கப்பட்டது. 878 செங்கல் வளைவுகளின் மீது கிரீனிச்சிலிருந்து வந்த அப்பாதை, சதர்க்கில் பாலத்தின் தென்முனையருகே, விடுதிகளுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே முடிந்தது. 1844-இல் ரயில் டோவர் துறைமுகம் வரையில் சென்றது. பயணி இப்போது சதர்க்கில் இரவு தங்க வேண்டிய தேவையில்லை. காலையில் லண்டனில் ஏறி அன்றே கடற்கரை சேரலாம். குதிரைக்குத் தீனி வேண்டியதில்லை, லாயக்காரன் வேண்டியதில்லை. யாத்திரை நின்றபோது சாலை இருந்தது. தீப்பிடித்தபோதும் சாலை இருந்தது. இப்போது சாலையே வெறிச்சோடியது.

டால்பட் என்று பெயர் மாறிய அந்த விடுதி ஒரே நாளில் சாகவில்லை. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டன. சில பகுதிகள் சரக்குக் கிடங்குகளாக வாடகைக்குப் போயின. மூட்டைகளை வைத்தெடுக்கும் இடமாக முற்றம் மாறியது. தங்க வருவோர் இல்லாத விடுதியில் தாழ்வாரத்தைப் பழுது பார்ப்பவர் யார்? மரம் உளுத்தது. கவிஞர் பெயரைத் தாங்கிய வாசகத்தின் கீழே மூட்டை வண்டிகள் வந்து போயின. 1873-இல் இடிப்போர் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் அம்மனையில் கிடங்குகளும் வேறு கட்டடங்களும் எழுந்தன.

அவ்வாண்டில், பழைய கட்டடத்தை இடிக்காமல் தடுக்கச் சட்டம் ஒன்றும் இங்கிலாந்தில் கிடையாது. பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் முதற் சட்டம் 1882-இல்தான் பிறந்தது. அதுவும் பெரும்பாலும் வரலாற்றுக்கு முற்பட்ட கற்குவியல்களையும் புதைமேடுகளையும் கருதியது. ஆனால் மக்கள் மனம் சட்டத்துக்கு முன்னரே விழித்துக்கொள்ளத் தொடங்கியது. 1875-இல், லண்டனில் மற்றொரு பழைய விடுதி இடிபடவிருந்தபோது, அதனைக் காப்பாற்ற இயலாது என்று கண்ட சிலர் நிழற்படமாவது எடுத்துவைப்போம் என்று ஒரு சங்கம் அமைத்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து மறையவிருந்த கட்டடங்களின் 120 படங்களை அவர்கள் வெளியிட்டனர். 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினார். இவையெல்லாம் டாபர்ட் மறைந்த பின் வந்தவை.

அதன் அண்டை விடுதிகளும் தப்பவில்லை. ‘வெள்ளைக் கலைமான்’ 1889-இல் இடிக்கப்பட்டது. டிக்கன்ஸின் புகழ் அதற்குக் காவலாகவில்லை. ‘ஜார்ஜ்’ என்ற விடுதியை ரயில்வே நிறுவனம் ஒன்று வாங்கியது. அதே 1889-இல் அதன் மூன்று பக்கத் தாழ்வாரங்களில் இரண்டைத் தகர்த்தது. எஞ்சிய ஒரு பக்கம் 1937-இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1676-ஆம் ஆண்டுத் தீக்குப்பின் கட்டப்பெற்ற அப்பகுதி இன்றும் நிற்கிறது. லண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு எஞ்சியுள்ள பழைய வண்டி விடுதி அது ஒன்றே. டாபர்ட் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்புவோர் அங்கே சென்று நின்று பார்க்கலாம்.

டாபர்ட் நின்ற இடம் அதற்குச் சில அடிகள் தெற்கே உள்ளது. அச்சந்துக்கு இன்று ‘டால்பட் முற்றம்’ என்று பெயர். நீலநிறப் பலகை ஒன்று 2003-இல் அங்கே பதிக்கப்பெற்று, விடுதியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது. சற்றுத் தொலைவில், யாத்திரிகர் குதிரையேறிச் சென்ற பழைய கென்ட் தெருவுக்குப் பிற்காலத்தில் ‘டாபர்ட் தெரு’ என்று பெயர் சூட்டினர். ஆக, பிழையாக வந்த பெயர் சரியான இடத்தில் நிலைத்துவிட்டது. சரியான பெயர் வேறிடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போன நினைவையும் ஊர்கள் விடாமல் வைத்துக்கொள்கின்றன.

இவ்வரலாற்றைக் கேட்ட ஒருவர், 1873-இல் இடிந்தது சாஸர் கண்ட விடுதியே அல்லவே, அதற்காக வருந்துவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மரத்தையும் செங்கல்லையும் மட்டும் கணக்கிட்டால் சாஸரின் டாபர்ட் 1676-இலேயே மறைந்தது. நுணுகிப் பார்த்தால் அதற்கும் முன்பே, பழுது பார்த்த ஒவ்வொரு தச்சன் கையிலும் சிறிது சிறிதாக மறைந்துகொண்டு வந்தது. ஆயினும் தீயின் மறுநாள் அவ்விடுதி இறந்ததாக எவரும் கருதவில்லை. ஏனெனில் அதனைத் தேடி வருபவன் வந்துகொண்டேயிருந்தான். அவனுக்காகவே அதே மனையில் அதே அமைப்பில் மீண்டும் கட்டினார்கள். வந்தவனுக்கு வாயிலைத் திறந்து, குதிரையைக் கட்டி, சோறிட்டு, படுக்கை தந்து, காலையில் வழியனுப்பும் தொழில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மனையில் இடையறாது நடந்தது. உண்மையில் பழைமை வாய்ந்தது அந்தத் தொழிலே. அது ரயில் வந்த சில ஆண்டுகளில் நின்றது. இடிப்போர் வந்தபோது அங்கே கிடந்தது உடல் மட்டுமே.

பழங்கட்டடங்களைப் போற்றுவோர் இதிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. கவிஞன் பாடிய புகழ் ஒரு வீட்டைப் பிறர் அறியச் செய்யும்; கூரையை ஒழுகாமல் காக்காது. வாயிலின்மேல் எழுதிய வாசகமும் காக்காது. சாலை திசை மாறும்போது, அதன் ஓரத்தில் வாழ்ந்த வீட்டுக்கு வேறு தொழில் ஒன்றை உடனே தேடித் தரவேண்டும். அல்லது பழைய தொழிலுக்கே புதிய வாடிக்கையாளரைத் தேடவேண்டும். ‘ஜார்ஜ்’ விடுதி தப்பியதற்கு அறக்கட்டளையின் அன்பு ஒரு காரணம். அங்கே இன்றும் அடுப்பு எரிகிறது, மேசைகள் துடைக்கப்படுகின்றன, மாலைதோறும் வருபவர்கள் காசு கொடுத்து உணவும் மதுவும் பெறுகிறார்கள் என்பது மற்றொரு காரணம். அங்கே இரவு தங்குபவர் இல்லை, குதிரைகளும் இல்லை. ஆனால் பொது வீடாக அது இருந்துவருகிறது. டாபர்டுக்கு அந்த வாய்ப்பைத் தருவதற்கு 1873-இல் ஒருவரும் முன்வரவில்லை. ஹாரி பெய்லி வாக்களித்த விருந்தை வைப்பதற்கு இப்போது இடமும் இல்லை.